சிறுநீரக ஸ்கானில் பெருநாடியையும் அளந்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் அண்ணை போன மாரியில் காலமானார். வயது 67. இரண்டு நாளாக நாரி நோகுது என்று சொல்லிக்கொண்டிருந்தார். உழவு மெசினில் குலுங்கிய நோ என்று நினைத்து நாங்களும் எண்ணெய் பூசிவிட்டோம். மூன்றாம் நாள் விடிய, இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் பெருநாடி வயிற்றுக்குள் வீங்கி வெடித்தது. அம்புலன்ஸ் மாங்குளம் சேர முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு அவருடைய கிளினிக் கொப்பிக்குள் இரண்டு வருடத்துக்கு முந்திய ஸ்கான் ரிப்போட் ஒன்று கிடைத்தது. சிறுநீரக நோய்ப் பயத்தில் எங்கள் ஊரில் பலர் எடுக்கும் அதே வயிற்று ஸ்கான்தான். சிறுநீரகம் இரண்டிலும் குறையில்லை என்று எழுதியிருந்தது. பெருநாடியைப் பற்றி ஒரு வரி இல்லை. அதே கருவியைத் தொப்புளுக்கு மேலே கொஞ்சம் நகர்த்தியிருந்தால் சில நிமிடத்தில் அளந்திருக்கலாம். அன்றைக்கே வீக்கம் இருந்ததா என்று இனி அறிய வழியில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கூடப்பிறந்தவருக்கு இந்த வீக்கம் இருந்தால் உங்களுக்கும் வரலாம் என்று வைத்தியர் சொன்னதால் நானும் பார்த்தேன். 2 சென்ரிமீற்றர் அகலத்தில் இருக்கவேண்டிய நாடி எனக்கு 3.8. மூன்று வந்தாலே வீக்கம் என்பார்கள், ஆண்களுக்கு 5.5 ஆனால் சத்திரசிகிச்சையை யோசிப்பார்கள். சுருட்டை விட்டுவிட்டேன். பிறஷர் குளிசை தவறுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை அளக்கவேண்டும்.

சில வீக்கங்கள் 5.5 வர முன்னரே வெடிக்கும், சில அதைத் தாண்டியும் வெடிக்காமல் இருக்கும். அதனால்தான் சி.ரி. படத்தை வைத்து நாடிச் சுவரின் எந்த இடத்தில் இழுவிசை கூட என்று கணினியில் கணிக்கிறார்கள், எம்.ஆர்.ஐ.யில் இரத்தம் சுழலும் விதத்தைப் பார்க்கிறார்கள். அவையெல்லாம் எங்கள் பக்கமும் வரட்டும், கட்டாயம் வரவேண்டும். ஆனால் ஒரு வருடத்தில் 1 சென்ரிமீற்றர் வளர்ந்துவிட்டது, ஆபத்து என்று சொல்வதற்கே போன வருட அளவு கையில் இருக்கவேண்டுமே!

பிரித்தானியாவில் 65 வயதாகும் ஆண்களைக் கூப்பிட்டே இந்த ஸ்கானைச் செய்கிறார்கள். வடமாகாண சுகாதாரப் பகுதியினரிடம் நான் கேட்பது அவ்வளவுகூட இல்லை. 65 தாண்டிய ஆண், அதிலும் புகைத்தவர், எதற்காக வயிற்று ஸ்கானுக்கு வந்தாலும் பெருநாடியின் அகலத்தையும் அளந்து கொப்பியில் எழுதிவிடுங்கள்.

தம்பி முத்தையன்கட்டில் இருக்கிறான், வயது 63. வாற புதன்கிழமை அவனை ஸ்கானுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

விவசாயி ஒருவர்,
ஒட்டுசுட்டான்.