ஹாரிசனின் சினிமாவை ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, பீட்டில்ஸ் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். லிவர்பூல் பேருந்து நடத்துநரின் மகன், பீட்டில்ஸ், சித்தார், ரவிசங்கர், 1971 வங்கதேச நிதிக் கச்சேரி என்று எல்லாம் இருந்தன. 1974-இல் ரவிசங்கரோடு சேர்ந்து அவர் திரட்டிய இசைக் குழுவில் டி.வி. கோபாலகிருஷ்ணனும் எல். சுப்ரமணியமும் இருந்ததைக்கூட விடாமல் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் கடைசிப் பத்தியில் "பிற்காலத்தில் சில படங்களும் தயாரித்தார்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சில படங்கள் இல்லை ஐயா. பத்து வருடங்களுக்கு மேல், இருபதுக்கும் அதிகமான படங்கள். எண்பதுகளின் பிரிட்டிஷ் சினிமாவில் இன்றும் பேசப்படும் படங்களில் பாதிக்காவது அவருடைய தயாரிப்பு நிறுவனமான ஹேண்ட்மேட் ஃபிலிம்ஸ் பெயரைப் பார்க்கலாம். 'பாதி' என்பது என் கணக்கு. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

இந்த நிறுவனம் தொடங்கிய விதமே சுவாரசியம். 1978-இல் மான்ட்டி பைதான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவினர் 'லைஃப் ஆஃப் பிரையன்' படத்துக்காக துனிசியா கிளம்பத் தயாராக இருந்தார்கள். ஏசு பிறந்த அதே வேளையில் பக்கத்துத் தொழுவத்தில் பிறந்து, ஆள் மாறாட்டத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு அப்பாவியின் கதை. பணம் போட ஒத்துக்கொண்டிருந்த இ.எம்.ஐ. நிறுவனத்தின் தலைமை, திரைக்கதையைப் படித்துப் பார்த்துவிட்டுக் கடைசி நேரத்தில் கையை விரித்தது. பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை விற்றுக் கொழித்ததும் இதே இ.எம்.ஐ. குழுமம்தான் என்பது தனி வேடிக்கை. குழுவில் ஒருவரான எரிக் ஐடில், நண்பர் ஹாரிசனிடம் போய் நின்றார். ஹாரிசன் தன் மேலாளர் டெனிஸ் ஓ'பிரையனிடம் கலந்து பேசினார். ஹென்லியில் 1970-இல் வாங்கிய ஃபிரையர் பார்க் மாளிகையையும் லண்டன் அலுவலகக் கட்டடத்தையும் அடமானம் வைத்துச் சுமார் 30 லட்சம் பவுண்டைப் புரட்டிக் கொடுத்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவர்களிடம், படத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது என்றாராம். உலகத்திலேயே அதிக விலைக்கு ஒருவர் வாங்கிய சினிமா டிக்கெட் அதுதான் என்று ஐடில் பிறகு பல மேடைகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வீட்டை அடகு வைத்துப் படம் எடுத்த தயாரிப்பாளர்கள் நமக்குப் புதிதல்ல. ஆனால் அப்படி எடுத்தவர்கள் பெரும்பாலும் பிறகு படப்பிடிப்புத் தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். ஹாரிசன் உட்காரவில்லை. படத்தில் அவர் தலை காட்டுவது கண் இமைக்கும் நேரம்தான். பிரையனின் வீட்டுக்குள் கூட்டம் நெரியும்போது, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு மலையைத் தருகிறவர் என்று ஒரு ஆளை அறிமுகப்படுத்துவார்கள். ஒரு வணக்கம் சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கரைந்துபோவார். அந்தப் படத்துக்கே பணம் தந்தவர், படத்துக்குள் மலையைத் தருகிறவராக வருகிறார். 1979-இல் வெளியாகி, அயர்லாந்திலும் நார்வேயிலும் தடை வாங்கி, பக்கத்து சுவீடனில் "நார்வே தடை செய்யும் அளவுக்குச் சிரிப்புப் படம்" என்று விளம்பரம் செய்யப்பட்டு, போட்ட காசைப் பல மடங்காகத் திருப்பித் தந்தது.

அடுத்தது 'தி லாங் குட் ஃப்ரைடே'. பாப் ஹாஸ்கின்ஸ் நடித்த லண்டன் தாதா படம். எடுத்து முடித்த கம்பெனிக்கு அதில் வரும் ஐரிஷ் குடியரசுப் படை விவகாரம் வயிற்றைக் கலக்கியது. வெட்டிச் சுருக்கித் தொலைக்காட்சியில் போட்டுவிடலாம் என்று நினைத்தார்கள். போதாததற்கு, அமெரிக்கர்களுக்குப் புரியாது என்று ஹாஸ்கின்ஸுக்கு வேறொருவர் குரலைக் கொடுக்கப் பார்த்தார்கள். அவர் வழக்குப் போடுவேன் என்று கொதித்தார். ஹேண்ட்மேட் அந்தப் படத்தை வாங்கி முழுசாகத் திரையரங்குக்குக் கொண்டுவந்தது. கடைசிக் காட்சியில் கார் ஓடிக்கொண்டே இருக்க, கேமரா ஹாஸ்கின்ஸின் முகத்தைவிட்டு நகராது. கோபம், அதிர்ச்சி, கசந்த சிரிப்பு எல்லாம் ஒரு வார்த்தை வசனமில்லாமல் அந்த முகத்தில் வந்து போகும். அதைத் தொலைக்காட்சிக்காகக் கத்தரித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதே ஹாஸ்கின்ஸ் 1986-இல் நீல் ஜோர்டனின் 'மோனா லிசா'வுக்காகக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார். அதுவும் ஹேண்ட்மேட் படம்தான்.

டெர்ரி கில்லியமின் 'டைம் பேண்டிட்ஸ்' (1981) சுமார் 50 லட்சம் டாலரில் எடுத்த படம். அமெரிக்காவில் மட்டும் 4 கோடி டாலருக்கு மேல் கல்லா கட்டியது. திரைக்கதையில் ஒரு வீரன் தலைக்கவசத்தைக் கழற்றினால் ஷான் கானரி, அல்லது அவரைவிட மலிவான அதே தரத்து ஆள் என்று கில்லியம் விளையாட்டாக எழுதி வைத்திருந்தார். ஓ'பிரையன் கானரியையே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த மேலாளரிடம் சாமர்த்தியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்து 'வித்நெயில் அண்ட் ஐ' (1987). வேலையில்லாத இரண்டு நடிகர்கள், அழுக்குப் பாத்திரம் குவிந்த ஒரு வீடு, மழை, குடி. கதை என்று அவ்வளவுதான். புது இயக்குநர் புரூஸ் ராபின்சன். ஓ'பிரையன் தளத்துக்கு வந்து, இதில் சிரிப்பே இல்லையே என்று முகம் சுளித்தார். சில காட்சிகளுக்குப் பணம் வராததால் ராபின்சன் தன் சம்பளத்திலிருந்து 30,000 பவுண்டைக் கொட்டி எடுத்தார். ஹாரிசனுக்கோ எழுத்தில் படித்தபோதே கதை பிடித்துவிட்டது. பீட்டில்ஸ் பாடல்களைப் படங்களில் பயன்படுத்த அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்த காலத்தில், தான் எழுதிய 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' பாடலின் அசல் பதிவையே அந்தப் படத்தில் ஒலிக்க விட்டார். அதற்கு விலை போட்டால் எந்தத் தயாரிப்பாளருக்கும் கட்டுப்படியாகாது.

இப்போது நஷ்டக் கணக்குக்கு வருகிறேன். மடோனாவும் ஷான் பென்னும் நடித்த 'ஷாங்காய் சர்ப்ரைஸ்' (1986) ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. அமெரிக்காவில் 25 லட்சம் டாலர்கூடத் தேறவில்லை. அந்தப் படத்துக்கு மட்டும் ஹாரிசன் ஹாங்காங் வரை போய்ப் பஞ்சாயத்து பண்ண வேண்டியிருந்தது. 'வாட்டர்' என்ற படமும் கையைக் கடித்தது.

என் அபிப்பிராயம் இதுதான்: அவர் நல்ல தயாரிப்பாளராக இருந்ததற்கும் கடைசியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டதற்கும் காரணம் ஒன்றே. கதை பிடித்தால் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தோட்ட வேலைக்குப் போய்விடுவார். இயக்குநர்கள் கையில் சினிமாவை விட்டதுபோலவே ஓ'பிரையன் கையில் கணக்கை விட்டார். 1973-இல் நடிகர் பீட்டர் செல்லர்ஸ் அறிமுகப்படுத்திய ஆள், வக்கீல் படிப்புப் படித்தவர், வங்கித் துறை அனுபவம் வேறு. "கடன் பத்திரங்களில் இருவரும் சேர்ந்து ஜாமீன் நிற்கிறோம் என்று நம்பியிருந்தேன், பொறுப்பு முழுக்க என் தலையில்தான் விழுந்திருந்தது" என்பது ஹாரிசன் பின்னாளில் வைத்த குற்றச்சாட்டு. கம்பெனி 1994-இல் 85 லட்சம் டாலருக்கு ஒரு கனடா நிறுவனத்துக்குக் கைமாறியது. 1995-இல் ஹாரிசன் ஓ'பிரையன் மீது வழக்குப் போட்டார். மறு வருடம் 1 கோடியே 16 லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஓ'பிரையன் திவால் மனு கொடுத்துவிட்டார். அந்த வருடங்களில் 'பீட்டில்ஸ் ஆந்தாலஜி' ஆவணத் தொடர் வேலைக்கு ஹாரிசன் சம்மதித்ததில் பண நெருக்கடிக்கும் பங்கு உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் உங்கள் கட்டுரையாளர் அந்தத் தொடரை "பழைய நட்பின் புதுப்பிப்பு" என்று உருகி எழுதியிருக்கிறார். நட்பும் இருந்திருக்கும். சரி.

அப்புறம் ஒரு திருத்தம். கட்டுரையில் இருந்த புகைப்படத்தின் அடியில் "1979-இல் தயாரித்த முதல் படம்" என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்பே பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிள் ஃபிலிம்ஸ் மூலம் ஸ்டூவர்ட் கூப்பர் இயக்கத்தில், ஜான் ஹர்ட் நடித்த 'லிட்டில் மால்கம்' படத்தைத் தயாரித்திருக்கிறார். 1974 பெர்லின் விழாவில் அதற்கு வெள்ளிக் கரடி விருது கிடைத்தது. பீட்டில்ஸ் பங்காளிச் சண்டையில் ஆப்பிள் நிர்வாகம் சிக்கிக் கிடந்ததால், படம் சரியாக வெளிவராமல் பெட்டிக்குள் முடங்கியது. அடுத்த இதழில் இதைத் திருத்திவிடுங்கள். இடம் இருந்தால் ஹேண்ட்மேட் பற்றித் தனிக் கட்டுரையே போடலாம்.

அன்புடன்,
ஒரு பழைய வாசகர்,
திருச்சி