ஆம்புலன்ஸ் வந்தா எந்த வாசல்?

ஆசிரியருக்கு வணக்கம். பக்கவாதம் வந்து பொழச்சவங்கள வீட்ல வச்சுப் பாத்துக்குற எங்கள மாதிரி ஆளுங்களுக்காக இத எழுதுறேன். ஒரு தடவ வந்தவங்களுக்கு திரும்ப வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட ஜாஸ்தி, அதனால மாத்திரையெல்லாம் கரெக்டா குடுத்துடுறோம், ஆனா நடுராத்திரி வந்துட்டா என்ன செய்யணும்னு எத்தன வீட்ல பேசி வச்சிருக்கோம்?

நம்ம செட்டிநாட்டு வீடு முகப்பு ஒரு தெருவுல இருக்கும், பின்கட்டு அடுத்த தெருவுல போய் முடியும். நடுவுல வளவு (முற்றம் இருக்குற பகுதி), ரெண்டாங்கட்டு, கட்டுக்கு கட்டு நிலை, எல்லாத்துக்கும் பூட்டு. பிள்ளைங்க சிங்கப்பூர்லயோ சென்னையிலயோ, வீட்ல இருக்குறது ரெண்டே பேரு, அதுல ஒருத்தருக்கு கை கால் வராது, சில பேருக்கு பேச்சே வராது, எங்க இருந்து கூப்புடுவாங்க? எங்க மாமியாருக்கு கட்டில முகப்பு பக்கத்து ரூமுக்கு மாத்தி, நல்லா இருக்குற கை பக்கம் காலிங் பெல் வச்சிருக்கோம். உள்ள ரூம்தான் குளுகுளுன்னு இருக்கும்னு சொந்தக்காரங்க முணுமுணுத்தாங்க, முணுமுணுக்கட்டும்.

108க்கு போன் பண்ணா வழி கேப்பாங்க. வீட்டு விலாசம், அதான் குடும்பப் பேரோட முதலெழுத்துங்க, சொன்னா ஊருக்கே தெரியும், டிரைவருக்கு தெரியுமா? அதனால தெரு பேரு, பக்கத்துல இருக்குற கோயில், எந்த வாசலுக்கு வரணும், எல்லாத்தையும் எழுதி போன் கிட்டயே ஒட்டுங்க. சாவி ஒண்ணு எதுத்த வீட்ல இருக்கட்டும். பாத்துக்குறவங்களே மயங்கி விழுந்தா கதவ யாரு தெறக்குறது?

வாய் கோணுது, கை தூக்க முடியல, பேச்சு கொழறுதுன்னா விடியட்டும்னு இருக்காதீங்க. மூளைக்குப் போற ரத்தக்குழாய அடைக்கிற ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிய, இந்த அறிகுறி ஆரம்பிச்சதுல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுவும் சி.டி. ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லன்னு பாத்த பெறகுதான். அதான் கடைசியா எப்ப நல்லா இருந்தாங்கன்னு டாக்டர் மொதல்ல கேப்பாரு, மணிய குறிச்சுக்கோங்க. தண்ணி, காபி, சோடா எதுவும் வாயில ஊத்தாதீங்க, முழுங்க முடியாம நுரையீரலுக்குப் போயிரும். மாத்திரை சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் ஒரே பையில இருக்கணும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா அத மொதல்லயே சொல்லிருங்க.

ஒரு வேண்டுகோள். காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, மதுரை இதுல ராத்திரியும் ஸ்கேன் எடுத்து அந்த ஊசி போடுற ஆஸ்பத்திரி எதெதுன்னு விசாரிச்சு போன் நம்பரோட நம்ம பேப்பர்ல போடுங்க, வெட்டி கதவுல ஒட்டிக்குறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தேவகோட்டை