உளியைக் கொடுத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் கைக்கருவிகளுக்குப் பெயர் வந்த கதை என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். மார்த்தோ (சுத்தியல்), ராபோ (இழைப்புளி), துர்ணவிஸ் (திருப்புளி) என்று படத்துக்குக் கீழே, பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் மொரீஷியஸ் பேச்சுமொழியான கிரியோலில் பெயர் எழுதியதெல்லாம் சரி. பட்டறையில் நாங்களும் அப்படித்தான் கேட்டு வாங்கினோம். ஆனால் நடுவில் ஒரு வரி. வெறுங்கையோடு வந்த நம் முன்னோர் கருவியையும் அதன் பெயரையும் பிரெஞ்சுக்காரரிடம்தான் கற்றுக்கொண்டார்களாம். இதை எழுதியவரின் கை எப்போதாவது காய்த்துப் போயிருக்கிறதா என்று அறிய ஆவல்.

1735இல் பிரெஞ்சு கவர்னராக இங்கே வந்த லாபூர்தொனே நம் தலைநகர் போர்ட் லூயியைக் கட்டுவதற்குப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை எதற்கு வரவழைத்தார்? வேடிக்கை பார்க்கவா? தங்களுக்குத் தெரியாததல்ல. ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றத் தொடங்கிய 1834க்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முந்தைய கதை இது. உளி பிடிக்கத் தெரிந்தவர்கள் என்றுதானே கூட்டிவந்தார்கள்!

அதே கட்டுரையில், நட்சத்திரத் திருப்புளிக்கு பல்பும் ரேடியோவும் செய்த பிலிப்ஸ் கம்பெனியின் பெயர் என்று வேறு எழுதியிருக்கிறார். அது ஹாலந்துக் கம்பெனி ஐயா. இந்தத் திருகாணிக்கு 1936இல் காப்புரிமை பெற்ற ஹென்றி பிலிப்ஸ் அமெரிக்காவின் ஓரிகான்காரர். அப்புறம், வாயை அகட்டிச் சுருக்குகிற ஸ்பானர் இருக்கிறதே, அதைப் பிரெஞ்சுக்காரர் 'ஆங்கிலச் சாவி' என்கிறார்கள். ஜெர்மானியருக்கு அது 'ஆங்கிலேயன்', போலந்தில் 'பிரெஞ்சுச் சாவி'. தங்கள் கட்டுரையாளர் கணக்குப்படி ஐரோப்பாவே வெறுங்கையோடுதான் நின்றிருக்க வேண்டும்.

என் அப்பா ஆசாரி. ரம்பத்தை இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கி, முக்கோண அரத்தை ஒரு பல் விட்டு ஒரு பல்லாக ஓட்டிக்கொண்டே போவார். கடைசிப் பல் வந்ததும் ரம்பத்தைத் திருப்பிப் போட்டு, விட்டுப்போன பற்களைப் பிடிப்பார். இரும்புத்தூளை ஊதிவிட்டுக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். வாடிக்கையாளரிடம் கிரியோலில் பேரம் பேசியவர்தான், வேலைக்கு உட்கார்ந்துவிட்டால் "அந்த அரத்தை எடுடா" என்பார். இழைக்க இழைப்புளி, திருப்பத் திருப்புளி. இதையெல்லாம் எந்தப் பிரெஞ்சுக்காரர் வந்து சொல்லிக்கொடுத்தார்? மேஸ்திரி போர்த்துகீசியரிடம் வாங்கிய சொல், சாவியும் அப்படித்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இல்லாததை இரவல் வாங்கினோம், இருந்ததையுமா? அரம் திருக்குறளிலேயே இருக்கிறது. 997ஆம் குறளை எடுத்துப் பாருங்கள். அரம் எதற்கு உவமை, மரம் யாருக்கு உவமை என்று கட்டுரையாளருக்கும் கொஞ்சம் காட்டுங்கள்.

நான் தொழிற்பள்ளியில் சேர்ந்த புதிதில் வாய் தவறி உளி என்று சொன்னதற்கு வாத்தியார் வகுப்பையே சிரிக்க வைத்தார். போகட்டும், அவருக்குத் தமிழ் தெரியாது. 1998இல் நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது நாம் போட்ட சத்தத்தில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். ஒரு வரி கீழே போனதற்கு அவ்வளவு கோபம். இன்று நம் பத்திரிகையே ஆசாரியின் பெட்டியை முழுசாகத் தூக்கி அடுத்தவரிடம் கொடுக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. சொல்ல வந்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். காவடிக்கு மரவேலை செய்கிற விதம் பற்றித் தைப்பூச மலருக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருந்தேன். இடமில்லை என்று திருப்பி அனுப்பினீர்கள். அந்த மலரில் ராசிபலன் மட்டும் இரண்டு பக்கம். நான் ஏதாவது கேட்டேனா?

இப்போது கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில், அதே சிறுவர் பக்கத்தில், அதே படங்களைப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் கிரியோல் பெயரோடு தமிழ்ப் பெயரையும் அச்சிடுங்கள். பெயர்கள் வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம். அளவு மட்டும் மாறவேண்டாம். என் பேரன் அந்தப் பக்கத்தை வெட்டிப் பள்ளிக்கூட நோட்டில் ஒட்டிவிட்டான். திருத்தமும் அதே அளவில் வந்தால் அதன் மேலேயே ஒட்டிவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற தச்சர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்