பெயர் கேட்காமல் விட்ட பெரியவருக்கு

வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு உலகம் சுற்றக் கிளம்பி ஏழு மாதம் ஆகிறது. இந்த நன்றியை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

விசா மையத்தில் டோக்கனோடு காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள் ஐயா. மகள் தன் நோட்டில் வரைந்த பயணத் திட்டத்தை உங்களிடம் நீட்டினாள். ஐரோப்பாவில் நாட்டுக்கு இரண்டு மாதம் என்று பெருமையாக எழுதியிருந்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. அவள் பேனாவையே வாங்கி, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 29-க்கும் சேர்த்துத்தான் கணக்கு, எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் கூடாது என்று கட்டம் போட்டுக் காட்டினீர்கள். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேருமாம். நாங்களோ ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக 90 என்று நினைத்திருந்தோம்! மாதக்கணக்கில் இணையத்தைத் துழாவிய லட்சணம் அது.

அடுத்து சின்னவனின் பாஸ்போர்ட். ஏழு மாதம்தான் பாக்கி. "பல நாட்டுல ஆறு மாசமாவது இருக்கணும்னு கேப்பாங்க தம்பி, புதுப்பிச்சுட்டே கிளம்புங்க" என்றீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும் என்பதையும் போகிற போக்கில் சொன்னீர்கள்.

உங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். எங்கள் வேலை முடிந்து தேடினால், காணோம்.

பயணத்தைத் தள்ளிப்போட்டு, பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டே கிளம்பினோம். மகளின் பச்சைப் பேனா உங்களிடம்தான் இருக்கிறது ஐயா. வைத்துக்கொள்ளச் சொல்கிறாள்.