சேகருக்கு, அந்த எட்டு மார்க்கர் சார்ட் பற்றி

அன்புள்ள சேகர்,

பதில் போட நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் சுகம். லதா கேட்ட கட்டுரையை அனுப்பிவிட்டேன், சொல்லிவிடு.

உன் சார்ட்டைப் பார்த்தேன். பைபாஸ் மெஷின் (இதயம், நுரையீரல் வேலையைப் பார்க்கும் மெஷின்) போட்டு இதய அறுவை முடிந்து வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை எட்டு மார்க்கரா, அதாவது உடல்நிலை காட்டும் எட்டுப் பரிசோதனையா? பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகம் முழுக்கக் கோடு போடுவாயே, அந்தப் பழக்கம் இன்னும் உன்னை விடவில்லை. ஜேக்கப் சார் பார்த்திருந்தால் சிவப்புப் பேனாதான்.

கணக்கைப் பார். 3 கிலோ குழந்தைக்கு மொத்த ரத்தமே 250 மி.லி. சுற்றித்தான். ஆர்டீரியல் லைனில் (தமனியில் செருகிய குழாய்) முதலில் இழுக்கும் 1 மி.லி.யைக் கொட்டிவிட்டு 1.5 மி.லி. எடுத்தால், நாலு தடவையில் 10 மி.லி. போச்சு. நூற்றுக்கு நாலு பங்கு! முதலில் இழுத்ததைச் சுத்தமாக வைத்திருந்து திரும்பச் செலுத்தச் சொல்.

முதல் நாளில் எனக்கு வேண்டியது லாக்டேட்தான், உடலுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறுகிற பொருள். அதுவும் ஒற்றை எண்ணாக வேண்டாம். பைபாஸ் மெஷினில் ஊற்றிய சேமிப்பு ரத்தத்திலேயே லாக்டேட் இருக்கிறது, அதனால் வந்தவுடன் எடுப்பது 4, 5 என்று இருந்தால் பதற வேண்டியதில்லை. அடுத்தடுத்த மணிகளில் இறங்குகிறதா என்று பார். மணிக்கு, லிட்டருக்கு 0.75 மில்லிமோல் வீதம் ஏறிக்கொண்டே போனால் நிலைமை மோசம் என்று பச்சிளங்குழந்தைகளிடம் 2000-லேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்து ஓடும்போதும் லாக்டேட் ஏறும், கூடவே சர்க்கரையும் ஏறும். கைகால் சூடாக, சிறுநீர் நன்றாக இருந்தால் மருந்தை முதலில் சந்தேகப்படு. லாக்டேட் ஏற, சிரை ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, சிறுநீரும் குறைந்தால் காத்திருக்காதே, எக்கோ (இதய ஸ்கேன்) போட்டு, அறுவையில் சரியாகாமல் மிச்சமிருக்கும் கோளாறைத் தேடு. இதயம் தளரும் நேரம் பெரும்பாலும் அறுவைக்குப் பின் 6 முதல் 18 மணி நேரத்துக்குள்.

சாம்பிள் எடுப்பதில்தான் பாதிப் பிழை. சிரிஞ்ச் மேசையில் கிடந்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை ஏற்றிவிடும், 15 நிமிடத்துக்குள் பரிசோதனை மெஷினில் போடணும். ஃப்ளஷ் (குழாயைக் கழுவும் உப்புத்தண்ணீர்) கலந்துவிட்டால் உல்டாவாகக் குறையும். லாக்டேட் திடீரென்று பாதியானால் சந்தோஷப்படாமல் ஹீமோகுளோபினையும் கால்சியத்தையும் பார். அவையும் சேர்ந்து விழுந்திருந்தால் அது உப்புத்தண்ணீர், திரும்ப எடு.

இனி கிரியாட்டினின், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு. இதை நினைத்தால்தான் எனக்கு மனசு கனக்கிறது. சிறுநீரகம் அடிபட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அது ஏறும். முதல் சில நாள் சிசுவுக்கு அம்மாவின் கிரியாட்டினினே ஓடிக்கொண்டிருக்கும். போதாததற்கு, தேங்கின நீர் அதை நீர்த்துப்போகச் செய்யும். 5 கிலோ குழந்தை, அறுவைக்கு முன் 0.4, இப்போது 0.5, உள்ளே நின்ற நீர் 600 மி.லி. என்று வைத்துக்கொள். உடல் நீர் எடையில் 0.6 பங்கு, அதாவது 3 லிட்டர். நின்ற நீர் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதனால் 0.5-ஐ 1.2-ஆல் பெருக்கு, 0.6 வருகிறது. முன்பிருந்த 0.4-க்கு ஒன்றரை மடங்கு! சார்ட்டில் "பரவாயில்லை" என்று இருந்த குழந்தை கேடிகோ (சிறுநீரகப் பாதிப்பை அளக்கும் சர்வதேச அளவுகோல்) முதல் நிலையில் நிற்கிறது. இந்தத் திருத்தத்துக்கு ஒரு கட்டம் போடு, ஒரு சொட்டு ரத்தமும் வேண்டாம்.

சிறுநீரகம் அடிபட்டதும் ஏறுகிற புரதம், என்ஜிஏஎல், பற்றிக் கேட்டாய். 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் 71 குழந்தைகளை வைத்து வந்த ஆய்வில், பைபாஸுக்கு 2 மணி நேரத்தில் சிறுநீரிலேயே அது ஏறியது. பின்னாளில் பல மையங்களில் பார்த்தபோது அவ்வளவு துல்லியமாக வரவில்லை. தொற்று, அழற்சியிலும் ஏறும். ஏறினால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய ஜெண்டாமைசின் மருந்தை நிறுத்துவாயா, பெரிட்டோனியல் டயாலிசிஸை (வயிற்றுவழி ரத்தச் சுத்திகரிப்பு) முன்கூட்டியே தொடங்குவாயா? முடிவு மாறாதென்றால் வாங்காதே.

அழற்சியைக் காட்டும் சிஆர்பியை முதல் மூன்று நாள் விட்டுவிடு, அறுவையே அதை ஏற்றும். பாக்டீரியா தொற்றைக் காட்டும் புரோகால்சிட்டோனினும் அறுவைக்குப் பின் சுமார் 24 மணி நேரத்தில் உச்சம் போய் நாளுக்குப் பாதியாக இறங்கும். இறங்கினது மறுபடி ஏறினால் கிருமியைத் தேடும் கல்ச்சர் எடு, லைனைப் பார். சிறுநீரகம் சரியில்லாத குழந்தையிடம் மெதுவாகத்தான் இறங்கும். இதயத் தசை அடிபட்டால் ஏறும் டிராப்போனின் வழக்கமாக வேண்டாம். டெட்ராலஜிக்கு (பிறவி இதயக் கோளாறு ஒன்று) தசையை வெட்டினாலே ஏறும். ஆர்டீரியல் ஸ்விட்ச் (இடம் மாறிய பெரிய தமனிகளை மாற்றிப் பொருத்தும் அறுவை) செய்த குழந்தைக்கு ஈசிஜி மாறி, அதுவும் மறுபடி ஏறினால் மட்டும் கரோனரியை (இதயத்துக்கு ரத்தம் தரும் தமனி) நினை.

லாக்டேட் வரிசைக்குப் பக்கத்திலேயே அட்ரினலின் அளவும் சர்க்கரையும் வரட்டும். திருத்திவிட்டு அனுப்பு, நர்ஸ்களிடம் போவதற்கு முன் நானும் ஒரு தடவை பார்க்கிறேன்.

அன்புடன்,
ரவி