கேப் பிரெட்டன் பிடில் குடும்பங்களுக்கு ஒரு நன்றி மடல்

ஜூடிக் ஊராருக்கும், என் பிடில் வில்லைத் திருத்திய அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கோடை முழுவதும் கனடாவின் கிழக்கிலுள்ள உங்கள் கேப் பிரெட்டன் தீவில் தங்கிப் பிடில் கற்றுவிட்டு டொராண்டோ திரும்பிய கையோடு இம்மடலை எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்து உங்கள் முன்னோர் கொண்டுவந்த கேலிக் மொழியும் இசையும் ஒன்றோடொன்று பின்னியவை என்று முன்பே படித்திருந்தேன். ஆயினும் அது எனக்கு விளங்கியது, தங்க இடம் கொடுத்த பாட்டியின் சமையலறையில்தான். நான் வாசித்த ஸ்ட்ராத்ஸ்பே என்னும் ஸ்காட்லாந்து நடன மெட்டைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, ரொட்டி மாவு ஒட்டிய விரல்களால் மேசையில் தாளமிட்டபடியே அதை கேலிக் சொற்களில் பாடிக் காட்டினீர்கள், பாட்டி. குறில் அழுந்தி விழும் இடத்தில் வில்லும் வெடுக்கென்று குறுக வேண்டும், நெடில் நீளும் இடத்தில் வில்லும் நீள வேண்டும் என்பதை எந்த இசைக்குறிப்பும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

உங்கள் ஊரில் வளர்ந்த பிடில் கலைஞர் பட்டி மக்மாஸ்டரும் தம் தாயார் வாயால் முணுமுணுத்த மெட்டுகளைக் கேட்டே இசைக்குள் வந்தவர். ரயில் நிலையத்தில் தந்தி வேலை பார்த்துக்கொண்டே ஊர் ஊராகச் சென்று நடனங்களுக்கு வாசித்த அவர், பணி ஓய்வுக்குப் பிறகு 1989-இல்தான் தம் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது. அவர் 2014-இல் மறைந்தார். அவருடைய சகோதரரின் மகள் நாட்டலி மக்மாஸ்டர் அந்த வில்லோசையை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றிருக்கிறார்.

உங்கள் தீவின் பிடில் கலைஞர்கள் மறைந்து வருகிறார்கள் என்று 1971-இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் சொன்னபோது சோர்ந்து போகாமல், 1973-இல் அதே தீவின் கிளெண்டேல் ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்களை ஒரே மேடையில் கூட்டிய பெரியவர்களுக்கும் நான் கடன்பட்டவள். அவர்கள் அன்று அசட்டையாக இருந்திருந்தால் எனக்குக் கற்றுக்கொடுக்க இன்று யார் இருந்திருப்பார்கள்?

நடன மண்டபத்தில் என் தந்தி அறுந்தபோது தம் பிடிலையே தோளிலிருந்து எடுத்து நீட்டிய இளைஞருக்கும், என் தடுமாற்றம் வெளியே தெரியாதபடி பியானோவில் தாளத்தைத் தாங்கிப் பிடித்த அக்காவுக்கும், ஆட்டத்தை நிறுத்தாமல் ஆடிய தம்பதியருக்கும் என் மனமார்ந்த நன்றி.

பாட்டி, நீங்கள் பாடிக் காட்டிய மெட்டைத் தினமும் காலையில் முதலில் வாயால் பாடிவிட்டுத்தான் வில்லை எடுக்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் மாணவி