எல்லாப் பாகத்துக்கும் ஒரே கணக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கார் உற்பத்தித் தாமதங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பாகங்களைக் குவித்து வைக்காமல் தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் வரவழைக்கும் 'ஜஸ்ட் இன் டைம்' முறையை மொத்தமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது. பாகங்களை மாதக்கணக்கில் வாங்கிக் குவித்தால் பிரச்சினை தீருமாம். உதிரிபாக சப்ளையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இதை ஏற்க முடியவில்லை.

இருக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கார் ஆலையின் பெயின்ட் அடிக்கும் பகுதியிலிருந்து காரின் பாடி வெளியே வந்த பிறகுதான், எந்த நிறம், எந்த மாடல் என்ற தகவல் இருக்கை செய்யும் கம்பெனிக்குப் போகும். சில மணி நேரத்தில், கார்களைப் பொருத்தும் லைனில் அவை வரும் அதே வரிசையில் இருக்கைகள் லாரியில் வந்து இறங்கும். அவ்வளவு பெரிய பொருளை, அத்தனை நிறங்களில், ஒரு மாதத்துக்கு வாங்கி எங்கே வைப்பது? தையலில் பிசகு என்றால், அது கண்ணில் படுவதற்குள் கிடங்கு முழுக்க அதே பிசகு நிறைந்திருக்கும். டொயோட்டாவில் பொறியாளர் தைச்சி ஓனோ இந்த முறையை வளர்த்ததற்கு இதுவும் முக்கியக் காரணம்.

காரின் மின்னணுக் கருவிகளுக்குள் இருக்கும் சிப்பின் விஷயம் வேறு. 2020இல் விற்பனை படுத்ததும் கார் கம்பெனிகள் சிப் ஆர்டர்களை வெட்டின. சிப் ஆலைகள் கணினி, செல்போன் பக்கம் போய்விட்டன. விற்பனை மீண்டும் எழுந்தபோது, கேட்ட உடனே சிப் கிடைக்கவில்லை. கிடைக்காது, ஒரு சிப் தயாராகி வெளியே வரவே மாதக்கணக்கு ஆகும். இருக்கைக்குப் போட்ட கணக்கை இதற்கும் போட்டதுதான் தப்பு. பாகத்தின் விலையை விட, அது மறுபடி கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்பதைப் பார்த்துத்தான் ஸ்டாக்கை முடிவு செய்ய வேண்டும்.

2011இல் ஜப்பானில் வந்த நிலநடுக்கத்தில், சிப் செய்யும் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை முடங்கியது. அதில் அடிபட்ட டொயோட்டா, சிப்புகளைச் சில மாதங்களுக்குக் கையிருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. 2021 தொடக்கத்தில் மற்றவர்கள் லைனை நிறுத்தியபோது அது ஓரளவு சமாளித்தது இதனால்தான். ஆனால் அதே வருடம் செப்டம்பரில், கொரோனாவால் தென்கிழக்கு ஆசிய ஆலைகள் முடங்க, அதுவும் திட்டமிட்ட உற்பத்தியில் 40 சதவீதத்தைக் குறைத்தது. குவித்து வைப்பதற்கும் ஒரு எல்லை உண்டு.

ஒரே ஆலையை நம்பியிருப்பது இன்னொரு வம்பு. 1997 பிப்ரவரியில் டொயோட்டாவுக்குப் பாகம் கொடுக்கும் ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலை எரிந்தது. அங்கே செய்த சிறிய பிரேக் வால்வு இல்லாமல் டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகளில் பெரும்பாலானவை நின்றன. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனம்கூட வால்வு செய்து கொடுத்தது. ஒரு வாரம் போல ஆனது, லைன்கள் மீண்டும் ஓட.

அப்புறம், கட்டுரை தொடாத ஒன்று. கையிருப்பு யார் செலவில்? கார் ஆலையின் கணக்கில் ஸ்டாக் இருக்காது. சப்ளையர் வாடகைக்கு எடுத்த ஷெட்டில், அவர் வாங்கிய வங்கிக் கடனில் அது கிடக்கும். லைன் நின்றால் அபராதமும் பெரும்பாலும் அவர் தலையில்தான். கட்டுரையாளர் அடுத்து எழுதும்போது இந்த வரவு செலவையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உதிரிபாகத் துறையில் இருந்த ஒரு வாசகன்